இஸ்தோப்பிலிருந்து தொடங்குங்கள்: மலையகத்தில் ஒளிப்படம் எடுக்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் மலையகம் என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் படங்களை நாம் எல்லோரும் அறிவோம். 1921ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் ஊர்ந்து செல்லும் புகையிரதம், ஹப்புத்தளைக்கு மேலேயுள்ள லிப்டன் சீற்றில் விடியும் பொழுது, தலவாக்கலைப் பக்கத்து நீர்வீழ்ச்சிகள், கூடையும் சிரிப்புமாகக் கமெராவைப் பார்க்கும் ஒரு பெண் ஆகியவையே அவற்றில் பெரும்பாலானவை. அவை அழகான படங்கள்தாம். ஆனால் அவற்றை எடுப்பவர்களில் மிகப் பலர் இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள் என்பதால், எல்லோரும் நின்ற இடத்தில் நின்று எல்லோரும் எடுத்ததையே எடுத்துச் செல்ல வேண்டிய அவசரம் அவர்களுக்கு உண்டு. இங்கேயே வாழ்பவருக்கு அந்த அவசரம் இல்லை. ஒரே படிக்கட்டையும் ஒரே பீலியையும் ஒரே பஸ் தரிப்பிடத்தையும் பனியிலும் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு எவ்வளவு விலை உயர்ந்த கமெராவோடும் சேர்ந்து வருவதில்லை. அந்த வாய்ப்பை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குபவருக்குப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையில் இருப்பதே போதும்

கருவியைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த எந்தக் கையடக்கத் தொலைபேசியும் பழகுவதற்குப் போதுமானது. பழைய கமெரா ஒன்று வீட்டிலோ உறவினரிடமோ கிடந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கென்று கடன்பட வேண்டியதில்லை.

தொலைபேசியில் நான்கு காரியங்களை முதல் நாளே செய்துவிடுங்கள். வில்லையை ஒரு மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். நம்மூர்க் குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்த வேகத்தில் அதன் மேல் ஈரம் படிவதுண்டு, சமையலறைக்குள் இருந்த தொலைபேசியாயின் எண்ணெய்ப் படலமும் சேர்ந்திருக்கும், படம் மங்கலாக இருக்கிறது என்ற முறைப்பாடுகளில் பாதி இந்தத் துடைப்போடு தீர்ந்துவிடும். அடுத்து, கமெரா அமைப்புகளுக்குள் சென்று திரையில் கட்டக் கோடுகள் தெரியும்படி செய்யுங்கள். சரிவான நிலத்தில் நின்று எடுக்கும்போது எது நேர், எது சாய்வு என்பதைக் கண் எளிதில் மறந்துவிடும். மூன்றாவதாக, பிளாஷை நிரந்தரமாக அணைத்து வையுங்கள். நான்காவதாக, விரல்களை விரித்துப் பெரிதாக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தனியான தொலைநோக்கு வில்லை இல்லாத தொலைபேசிகளில் அப்படிப் பெரிதாக்குவது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதுவதுதான். பெரிதாகத் தெரிய வேண்டுமானால் நான்கு அடி முன்னே நடந்து செல்லுங்கள்.

நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம்

அடுத்த படி, இடத்தைத் தெரிவு செய்வது. வீட்டிலிருந்து கால் மணி நேரத்துக்குள் நடந்து போய்விடக் கூடிய இடமாக அது இருக்கட்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் இஸ்தோப்பு (முன் திண்ணை), தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, சந்திக் கடையின் பலகைப் படி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னுள்ள வெளி, கோயிலடி, புகையிரத நிலையத்தின் வாங்கு என்று எதுவும் ஆகலாம். டவுனில் வசிப்பவருக்குச் சந்தையின் மரக்கறிப் பக்கம் மிகவும் பொருத்தமானது. லீக்ஸும் கரட்டும் கோவாவும் கழுவி அடுக்கப்பட்டிருக்கும் அந்த விடியற்காலை நிறங்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

இடத்தைத் தெரிவு செய்த பின் சில நாட்கள் படம் எடுக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும்படி சொல்வேன். இது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் காலை ஏழு மணிக்கு வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, அது படியை எட்ட எவ்வளவு நேரமாகிறது, பிற்பகலில் எந்தப் பக்கத்திலிருந்து பனி ஏறி வருகிறது, பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் எந்த வளைவில் திரும்புகிறார்கள், மாலையில் யார் அந்த வாங்கில் வந்து அமர்கிறார் என்பவற்றை அறிந்தவர் கமெராவை எடுக்கும்போது படத்தின் பாதியை ஏற்கெனவே முடித்துவிட்டிருப்பார். ஒரு சிறு கொப்பியில் நேரத்தையும் வெளிச்சத்தையும் குறித்து வைப்பது நல்ல பழக்கம்.

வெளிச்சத்தைப் படித்தல்

இந்தப் பகுதியில் சற்று நின்று நிதானமாகப் போவோம், ஏனெனில் மற்றவற்றையெல்லாம் இது தீர்மானிக்கிறது.

மலையகம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஆகவே சூரியன் ஆண்டு முழுவதும் காலை ஆறு மணியை ஒட்டியே உதிக்கிறது. உதித்த பின் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை வீதம் செங்குத்தாக மேலேறிவிடுகிறது. குளிர் நாடுகளில் மணிக்கணக்காக நீடிக்கும் தாழ்ந்த பொன்னிற வெயில் நமக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் தலைக்கு மேலிருந்து விழத் தொடங்கி, முகங்களில் கண்குழியை இருட்டாக்கிவிடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் மீண்டும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சியிலேயே நிற்கும் என்பதால், அந்த நாட்களின் நடுப்பகலில் வெளியே ஆட்களைப் படமெடுப்பதைத் தவிர்த்து நிழலுக்குள் போய்விடுவது உத்தமம். மாலையிலும் இதே கதைதான். சூரியன் மறைந்த பின் பயன்படக் கூடிய நீல வெளிச்சம் இருபது நிமிடமளவில் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கை மலைகள் தமக்கேற்ப மாற்றுகின்றன. கிழக்கே உயர்ந்த மலை இருக்கும் தோட்டத்தில் வெயில் லயத்தைத் தொட ஏழரை எட்டு மணியாகலாம். அதுவரை வானம் வெளுத்திருக்க, நிலம் நிழலில் மென்மையாகக் கிடக்கும். எதிர்ப் பக்கத்து மலையில் மட்டும் வெயில் பட்டு அதன் ஒளி திரும்பி நம் பக்கத்து முகங்களின் மேல் விழும் நேரமே மனிதர்களைப் படமெடுக்க மிக நல்ல நேரம் என்பது என் கருத்து. மேற்கே மலை மறைக்கும் இடங்களில் மாலை நான்கரை மணிக்கே இந்த நிலை வந்துவிடும். உங்கள் இடம் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதை முதலில் கண்டுகொள்ளுங்கள். உலகத்துக்கான பொது அட்டவணையைவிட உங்கள் மலைக்கான குறிப்புக் கொப்பியே உங்களுக்கு உதவும்.

பருவக்காற்றும் இரு பக்கமாக நடந்துகொள்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களை நனைத்துக்கொண்டிருக்கும்போது, மலைத்தொடருக்கு அப்பாலுள்ள ஊவாப் பக்கத்தில், அதாவது பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைச் சரிவுகளில், காய்ந்த கச்சான் காற்று வீசி வானத்தைத் துடைத்து வைத்திருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவுக்கு மழையைக் கொண்டுவர, ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவுகளில் தெளிந்த பகலும் கடுங்குளிர் இரவும் வரும். நுவரெலியாப் பக்கத்தில் சில அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி படிந்து, வெயில் பட்டதும் உருகிப் போகும். ஒக்டோபர், நவம்பரில் காலை தெளிவாக விடிந்து பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது வழக்கம். மழை விட்ட அடுத்த அரை மணி நேரத்தைத் தவற விடாதீர்கள். தகரக் கூரையும் சீமெந்துப் படியும் தார் வீதியும் வானத்தைத் திருப்பிக் காட்டும் அந்த நேரத்தில், சாதாரண நாளில் கண்ணில் படாத ஒரு குட்டைகூடப் படமாகும்.

வீட்டுக்குள்ளும் வெளிச்சம் உண்டு. லயத்துக் காம்பராக்களில் ஒரு வாசலும் ஒரு சிறு ஜன்னலும்தான் இருக்கும். வசிப்பதற்கு அது பெருங்குறை, ஆனால் படம் எடுப்பவருக்கு ஒரே திசையிலிருந்து வரும் பக்கவாட்டு ஒளி அங்கேதான் கிடைக்கிறது. வாசலுக்கு ஓரடி உள்ளே ஒருவரை அமரச் சொல்லி, வாசலுக்கு எதிரில் நிற்காமல் பக்கத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். முகத்தின் ஒரு பாதி துலங்கி, மறுபாதி மெல்ல இருளோடு கலக்கும். அடுப்பில் விறகு எரியும் வேளையில் கூரைத் துளை வழியாக வெயில் இறங்கினால் புகையில் ஒளிக்கற்றை தெரியும். அதை எடுக்கும்போது பின்னால் இருண்ட சுவர் இருக்கும்படி நகர்ந்து நில்லுங்கள்.

மூடுபனியும் ஒளியளவும்

மூடுபனியை எடுத்தவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது சலித்துக்கொண்டிருப்பார்கள்: கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தது படத்தில் அழுக்குச் சாம்பலாகிவிடும். இதில் கருவியின் பிழை எதுவும் இல்லை. கமெரா எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரும் வகையில் ஒளியை அளக்கிறது, ஆகவே முழுவதும் வெண்மையான காட்சியைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடுகிறது. தொலைபேசியில் திரையைத் தொட்டதும் அருகே சூரியன் போன்ற ஒரு குறி தோன்றும். அதை மேல்நோக்கிச் சற்று இழுத்தால் பனி வெண்மைக்குத் திரும்பிவிடும். கமெராவாயின் ஒளியளவு ஈடுசெய்யும் பொத்தானில் 0.7 அல்லது 1 வரை கூட்டுங்கள். இதற்கு நேர்மாறாக, நனைந்த தேயிலைப் பச்சை இருண்டது என்பதால், சட்டகம் முழுவதும் தேயிலையே நிறைந்திருந்தால் கமெரா ஒளியைக் கூட்டி நிறத்தை வெளிறச் செய்துவிடும். அப்போது குறியைக் கீழே இழுக்க வேண்டும். இந்த இரண்டு அசைவுகளையும் விரல் தானாகச் செய்யும் அளவுக்குப் பழகிவிட்டால் மலையகத்தில் பெரும்பாலான காட்சிகளைச் சமாளித்துவிடலாம்.

பனிக்குள் குவியம் பிடிப்பதும், அதாவது ஒரு பொருளைக் கூர்மையாகத் தெரியச் செய்வதும், சிரமம். பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு இல்லாதபோது கமெரா முன்னும் பின்னும் தடுமாறும். ஒரு மரத்தின் தண்டையோ மின்கம்பத்தையோ தொட்டுக் குவியத்தைப் பூட்டிய பின் எடுங்கள். திரையில் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான தொலைபேசிகளில் குவியமும் ஒளியளவும் பூட்டிக்கொள்ளும். பனி நீல நிறமாகத் தெரிந்தால் வெண்சமநிலை எனும் நிற அமைப்பை மேகமூட்டம் என்ற தெரிவுக்கு மாற்றிப் பாருங்கள். ஆனால் விடியும் முன்பு உள்ள நீலம் உண்மையான நீலம், அதைத் திருத்த வேண்டாம்.

பனி காட்சியை மறைக்கிறது என்று எண்ணி வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்கள் ஒரு நல்ல உதவியாளரைக் கைவிடுகிறார்கள். பின்னாலுள்ள தொலைபேசிக் கோபுரம், விளம்பரப் பலகை, பாதி கட்டிய மாடி வீடு ஆகிய எல்லாவற்றையும் பனி அழித்துவிட்டு, ஒரு நிழல் மரத்தையும் அதன் கீழ் குடையோடு நிற்கும் ஒருவரையும் மட்டும் நம்மிடம் தருகிறது. மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நீளும்போது அருகிலுள்ளது கரும்பச்சையாகவும் தூரம் செல்லச் செல்ல வெளிறியும் தெரிவதற்கு, நடுவே உள்ள காற்றின் ஈரமும் தூசும் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். தொலைநோக்கு வில்லை உள்ளவர்கள் இந்த அடுக்குகளை நெருக்கிக் காட்டலாம்.

சட்டகத்துக்குள் என்ன இருக்க வேண்டும்

அன்றாடக் காட்சியில் அழகு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அது பல பொருட்களுக்கு இடையில் கலந்து கிடக்கிறது. ஆகவே படம் எடுப்பவரின் வேலை பெரும்பாலும் கழிப்பதுதான், அரிசியில் இருந்து உமியைப் பிரிப்பதற்குச் சுளகு பிடிப்பது போல. இஸ்தோப்பில் காயப் போட்ட துணிகளையும், நீலத் தண்ணீர்ப் பீப்பாயையும், செருப்புக் குவியலையும், பூச்சாடியாக மாறிய பழைய பெயின்ட் வாளியையும், தூங்கும் நாயையும் ஒரே படத்தில் அடக்க முயன்றால் பார்ப்பவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நகர்ந்துவிடுவார். எது உங்களை நிற்க வைத்தது என்று உங்களையே கேளுங்கள். பச்சைச் சுவரின் முன்னிருந்த அந்த வாளிச் செவ்வந்திதான் என்றால், மற்றவை வெளியேறும் வரை முன்னே செல்லுங்கள், குனியுங்கள், பக்கவாட்டில் நகருங்கள். பொருட்களை எடுத்து அப்புறம் வைத்துக் காட்சியை ஒழுங்குபடுத்துவதை நான் விரும்புவதில்லை. நாம் நகர்வதே மேல்.

எடுக்கும் முன் சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பாதி வெட்டுப்பட்ட கை, தலையிலிருந்து முளைத்தது போன்ற மின்கம்பம், ஓரத்தில் பளிச்சிடும் பிளாஸ்டிக் போத்தல் ஆகியவை அந்தச் சுற்றில் அகப்படும். அதன் பின் உயரத்தை மாற்றிப் பாருங்கள். சரிவான நிலத்தில் இது நமக்கு இலவசமாகக் கிடைக்கும் வசதி: மேல் லயத்தின் முற்றத்திலிருந்து பார்த்தால் கீழ் லயத்தின் கூரைகள் கோலம்போல் விரியும், நான்கு படி இறங்கினால் அதே கூரைகள் வானத்தைத் தொடும்.

தேயிலை மலையே கோடுகளால் ஆனது. பறிக்கும் பெண்கள் நடந்து நடந்து உண்டான தடங்கள், மண் அரிக்காமல் இருக்க வெட்டிய கான்கள், வளைந்தேறும் வீதி ஆகியவற்றில் ஒன்று படத்தின் மூலையிலிருந்து உள்ளே ஓடும்படி நின்றால் பார்ப்பவரின் கண்ணும் அதனோடு உள்ளே போகும். புதிதாகக் கவ்வாத்து வெட்டிய மலையைப் படமெடுப்பவர் குறைவு. பச்சை நீங்கி முறுக்கிய கிளைகள் மட்டும் நிற்கும் அந்த மலை, அஞ்சலட்டைக் காட்சிக்குப் பழகிய கண்ணுக்குப் பிடிக்காது போலும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறையே ஒரு மலைக்கு இது நடக்கும் என்பதால் உங்கள் தோட்டத்தில் கவ்வாத்து நடக்கும்போது தவறாமல் போய்ப் பாருங்கள். சாய்ந்த மாலை வெயிலில் அந்தக் கிளைகளின் நிழல் கிளைகளைவிட நீளமாக விழும்.

மனிதர்களைப் படமெடுப்பதற்கு முன்

ஜூலியா மார்கரெட் கமெரன் என்ற புகழ்பெற்ற ஆங்கில ஒளிப்படக் கலைஞர் 1875ஆம் ஆண்டில் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்து, 1879ஆம் ஆண்டில் மலையகத்தில் இறந்தார். பொகவந்தலாவையிலுள்ள சென் மேரிஸ் தேவாலய வளவில் அவரது கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த உருவப்படங்களில் இருப்பவர்கள் பலர் பெயரோடு அறியப்படுகிறார்கள். இங்கே அவர் எடுத்த படங்களில் இருக்கும் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவருக்குப் பின் வந்த ஸ்டூடியோக்களின் அஞ்சலட்டைகளிலும் கொழுந்து பறிக்கும் பெண் என்ற வகைப் பெயரே அச்சாகியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் நாம் செய்ய வேண்டியது தெளிவாகும்: கேட்டு எடுப்பது, பெயரை எழுதி வைப்பது, படத்தைத் திருப்பிக் கொடுப்பது.

கேட்பது கடினமான காரியம் அல்ல. "அக்கா, இந்த வெளிச்சத்துல ஒங்கள ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால், "இருங்க தம்பி, தலத்துண்டச் சரி பண்ணிக்கிறேன்" என்ற பதிலே அநேகமாக வரும். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். சம்மதம் கிடைத்ததும் சிலர் விறைத்து நிற்பார்கள்; அந்தப் படத்தையும் மரியாதைக்காக எடுத்துவிட்டு, பேச்சுக் கொடுத்தபடி காத்திருந்தால் அவர்கள் தம் வேலைக்குத் திரும்பும்போது நீங்கள் தேடிய படம் கிடைக்கும்.

கொழுந்து பறிப்பவர்களின் கூலி அவர்கள் பறிக்கும் கிலோவோடு தொடர்புடையது என்பதை மறக்க வேண்டாம். மலையில் நின்று அவர்களைத் திரும்பிப் பார்க்கச் சொல்வதும் கூடையை மாட்டச் சொல்வதும் அவர்களுடைய நேரத்தை எடுப்பதாகும். பல தோட்டங்களில் மூங்கில் கூடைக்குப் பதிலாகச் சாக்கும் பையும் வந்துவிட்ட நிலையில், படத்துக்காக மட்டும் பழைய கூடையைத் தேடிப் பிடித்து மாட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இருப்பதை இருக்கிறபடி எடுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரமும் வேலை விட்டு இறங்கும் நேரமும் இதற்கு ஏற்றவை. இடுப்பில் கட்டிய படங்கும் ஈரம் படிந்த கைகளும் தராசைப் பார்க்கும் கண்களும் அப்போது ஒரே இடத்தில் இருக்கும். விரல்கள் கொழுந்தைக் கிள்ளும் அசைவை உறைய வைக்க ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், ஒரு விநாடியில் 250இல் ஒரு பங்காகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்க வேண்டும்.

பிள்ளைகளைப் படமெடுக்கப் பெற்றோரிடம் கேளுங்கள். பாடசாலைச் சின்னமும் பெயர்ப் பட்டியும் தெரியும் படத்தைப் பொதுவில் போட வேண்டாம். பீலியில் குளிப்பவர்கள் இருந்தால் கமெராவைப் பைக்குள் வைத்துவிட்டு நடங்கள். தொழிற்சாலைக்குள் எடுப்பதற்குத் தோட்ட நிருவாகத்தின் அனுமதி தேவை. கோயிலில் மூலஸ்தானத்தை எடுப்பதில்லை. விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது மனத்தைப் புண்படுத்தும், சட்டச் சிக்கலுக்கும் இடமளிக்கும். பொலிஸ், இராணுவச் சோதனைச் சாவடிகள் பக்கம் கமெராவைத் திருப்பவே வேண்டாம்.

இரவும் புகையிரதமும்

மாசி மாதத்துக் காமன் கூத்து, கோயில் திருவிழா, சிவனொளிபாத மலையின் சரிவில் ஏறும் விளக்கு வரிசை ஆகியவை இரவுக்குரியவை. இங்கே நடுங்காத கையே முதல் தேவை. முக்காலி இல்லாவிட்டால் ஒரு தூணில் தோளைச் சாய்த்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டி, மூச்சை விட்டபின் எடுங்கள். தொலைபேசியின் இரவு நிலை அசையாத காட்சிக்கே பொருந்தும். தப்பு அடித்து ஆடுபவர்களை அதில் எடுத்தால் நிழல்தான் மிஞ்சும். அவர்களுக்குச் சாதாரண நிலையே நல்லது, வெளிச்சம் முகத்தில் விழும் கணத்துக்காகக் காத்திருங்கள். கூத்து நடக்கும்போது இரதியின் முகத்துக்கு முன் தொலைபேசியை நீட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

புகையிரதத்தைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: பாதையில் நின்றும், படிக்கட்டில் தொங்கியும் படம் எடுக்க முயன்று உயிரிழந்தவர்கள் உண்டு. அதை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் பாருங்கள். மூன்றாம் வகுப்பு ஜன்னலோரத்தில் வடைப் பொட்டலத்தோடு அமர்ந்திருப்பவரின் முகத்தில் சுரங்கப் பாதைக்கு முன்னும் பின்னும் வெளிச்சம் மாறுவதைப் போல ஒரு காட்சி பாலத்தில் கிடைக்காது. வெளிக் காட்சியை எடுப்பதாயின் ஷட்டர் வேகத்தை விநாடியில் 500இல் ஒரு பங்காகவோ அதைவிட விரைவாகவோ வையுங்கள். நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையமான பட்டிப்பொலையில் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் மேடையில் இறங்கி நடப்பவர்களின் மூச்சு ஆவியாகத் தெரியும் குளிர் காலையும் உண்டு.

ஈரத்திலிருந்து கருவியைக் காத்தல்

மலையகத்தில் கமெராவுக்கு மழையைவிடப் பெரிய எதிரி அலுமாரிக்குள் இருக்கிறது. மாதக்கணக்கில் தோல் பைக்குள் அடைத்து வைத்த வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்தி வலைபோல் படரும் அதைத் துப்புரவு செய்யப் பணம் செலவாகும், கண்ணாடியில் தடமும் தங்கிவிடலாம். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், அவை ஈரத்தால் நிறம் மாறினால் மாற்றுங்கள், வாரத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பாவியுங்கள். நுவரெலியாக் குளிரிலிருந்து கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ இறங்குபவர்கள், கருவியைப் பைக்குள்ளேயே வைத்து அது வெப்பத்துக்குப் பழகும் வரை அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். இல்லாவிடில் வில்லையின் உள்ளும் புறமும் ஈரம் படியும்.

எடுத்தபின்

வீட்டுக்கு வந்ததும் படங்களைப் பார்க்கலாம், ஆனால் அன்றே அழிக்க வேண்டாம். சில நாள் கழித்துப் பார்க்கும்போது எடுத்த சிரமம் மறந்து படம் மட்டும் தெரியும். ஒரே காட்சியின் பல படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது சாய்வை நேராக்குவது, ஓரத்தை வெட்டுவது, ஒளியளவைச் சிறிது மாற்றுவது ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளப் பழகுங்கள். நிறத்தைக் கூட்டும் கோலை முழுவதுமாக இழுத்து, இல்லாத பச்சையைத் தேயிலைக்குப் பூசும் வழக்கம் பெருகிவிட்டது. நம் கண்ணுக்கு அந்தப் பச்சை பொய் என்று உடனே தெரியும்.

கோப்புக்குத் திகதி, இடம், ஆளின் பெயர் என்ற வரிசையில் பெயரிடுங்கள். தொலைபேசி தொலைந்தால் படமும் தொலையும் என்பதால் ஒரு பிரதியை வேறொரு சேமிப்பில் வையுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தரம் குறையும். அச்சிடுவதற்காக ஸ்டூடியோவுக்கு அனுப்புவதாயின் ஆவணம் என்ற தெரிவின் மூலம் அனுப்புங்கள். 4×6 அங்குல அளவில் நன்றாக அச்சிட 1,200×1,800 புள்ளிகள் போதும், சாதாரண 12 மெகாபிக்சல் தொலைபேசிப் படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இரண்டு பிரதிகளாக அச்சிட்டு, ஒன்றைப் படத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். பின்புறத்தில் பெயரையும் திகதியையும் எழுதும்போது அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும் என்பதால் மெல்லிய முனையுள்ள அழியாத மைப் பேனையால் இலேசாக எழுதி, மை காய்ந்த பின் அடுக்குங்கள். சுவரில் மாட்டுவதாயின், மழைக்காலத்தில் ஈரம் ஊறும் வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவரில் மாட்டும்படி அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.